தோற்றால்தான் ஜெயிக்கலாம்

கம்ப்யூட்டரில் நடக்கும் ஐஸ் ஹாக்கி லீக்குகளில் ஆட்டம் பொய், கோப்பை பொய். கடைசி இடத்தில் கிடக்கும் அணியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்ற தலைவலி மட்டும் நிஜம்.

2015 மார்ச் 26. அமெரிக்காவில், கனடா எல்லையை ஒட்டியுள்ள பஃபலோ நகரம். உள்ளூர் ஐஸ் ஹாக்கி அணியான பஃபலோ சேபர்ஸ், அரிசோனா கயோட்டீஸ் அணியுடன் மோதிக்கொண்டிருந்தது. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அரிசோனாவின் சாம் காக்னர் கோல் போட்டார். சொந்த மண்ணில் சேபர்ஸ் தோற்றுவிட்டது. அரங்கமே தலையில் கை வைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. உள்ளூர் ரசிகர்களில் பலர் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். தங்கள் அணி வாங்கிய கோலுக்கு!

அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடவில்லை. கணக்குப் போட்டுத்தான் கை தட்டினார்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.ஹெச்.எல்.) அந்த சீசனில் கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை இந்த இரு அணிகள்தான். கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு, அடுத்த சீசனுக்கான புது வீரர்களில் முதல் ஆளைப் பொறுக்கி எடுக்கும் வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டு முதல் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கானர் மெக்டேவிட் என்ற 18 வயதுப் பையன். தலைமுறைக்கு ஒருவன் என்று வர்ணிக்கப்பட்டவன். அவன் வருவதாக இருந்தால் ஒரு ஆட்டம் என்ன, ஒரு சீசனையே தோற்கலாம் என்பது ரசிகர்களின் கட்சி.

இதே கணக்கை, ரசிகர்களும் அரங்கமும் இல்லாமல், வீட்டு மேஜையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் சிமுலேஷன் ஹாக்கி லீக்குகளின் மேனேஜர்கள்.

இந்தியாவில் ஹாக்கி என்றால் புல்தரையும், செயற்கைத் தரையும்தான். ஐஸ் ஹாக்கிக்கு லடாக்கை விட்டால் பெரிதாக இடமில்லை. ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் வடக்கு ஐரோப்பாவிலும் அது குளிர்கால மதம். அந்த மதத்தின் ஒரு கிளைதான் சிமுலேஷன் லீக். 20 அல்லது 30 பேர் சேருகிறார்கள். ஆளுக்கு ஓர் அணி. ஆட்டத்தை ஆடுவது சாஃப்ட்வேர். மேனேஜரின் வேலை அணியைக் கட்டுவது. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் முதல் வரிசையில் இறங்குவது என்று முடிவு செய்து அனுப்பிவிட்டால் போதும். லீக்கின் நிர்வாகி குறித்த நேரத்தில் பொத்தானை அழுத்துவார். சில நிமிடங்களில் அன்றைய ஆட்டங்களின் முடிவு வந்துவிடும்.

இதற்குப் பூர்வீகமும் உண்டு. 1961-ல் அமெரிக்காவில் வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் விளையாட்டில் வீரருக்கு ஓர் அட்டை, முடிவைச் சொல்லப் பகடை. பின்னாளில் அதே பாணியில் ஹாக்கியும் வந்தது. பகடையின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. பின்லாந்தைச் சேர்ந்த ரிஸ்டோ ரெமெஸ் உருவாக்கிய ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர் 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கூட்டத்துக்குப் புது ஆட்களைக் கொண்டுவந்தது. 2013-ல் ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் வந்தது. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. வேகம், பாஸ், கோலடிக்கும் திறன், தடுப்பு என்று ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண். அந்த மதிப்பெண்களை வைத்து மெஷின் உருட்டும் பகடைதான் ஆட்டம்.

பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிட முடியாது. இந்த லீக்குகளை நடத்துபவர்கள் தினமும் மல்லுக்கட்டுவது, கோடிக்கணக்கான டாலர் புரளும் நிஜ லீக்குகள் அறுபது ஆண்டுகளாகத் தீர்க்க முயலும் ஒரு பிரச்சினையுடன். பலசாலிகள் நிரந்தரமாகப் பலசாலிகளாக இருந்தால் ஆட்டம் செத்துவிடும். நோஞ்சான்களுக்குச் சலுகை கொடுத்தால், சலுகைக்காகவே நோஞ்சானாக நடிப்பவர்கள் வந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே வழி எங்கே?

ஆறுதல் பரிசு

என்.ஹெச்.எல். தன் முதல் டிராஃப்ட்டை 1963-ல் மான்ட்ரியால் நகரில் ஓர் ஓட்டலில் நடத்தியது. அப்போது லீக்கில் இருந்ததே ஆறு அணிகள். அதுவரை பணக்கார அணிகள் ஜூனியர் கிளப்களைத் தத்தெடுத்துக்கொண்டு, மீசை முளைக்காத பையன்களையே வளைத்துப் போட்டு வந்தன. டிராஃப்ட் முறையில் இளம் வீரர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் வருவார்கள். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டும். போன சீசனில் கீழே கிடந்த அணிக்கு முதல் முறை என்பது பின்னர் நிலைத்த விதி. தோற்றவனுக்கு ஆறுதல் பரிசு.

அது மட்டும் போதவில்லை. 1976 முதல் 1990 வரை 15 ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றவை வெறும் நான்கு அணிகள்: மான்ட்ரியால், நியூயார்க் ஐலாண்டர்ஸ், எட்மன்டன், கால்கரி. நல்ல வீரர்களைப் பொறுக்கியெடுத்து வளர்த்த அணி, அவர்களைக் கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள முடிந்தவரை அசைக்க முடியாததாக இருந்தது.

பெரிய மாற்றம் 2005-ல் வந்தது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்களும், கூடாது என்று வீரர்களும் முறுக்கிக்கொண்டதில் 2004-05 சீசன் முழுவதுமே ரத்தானது. கடைசியில் உரிமையாளர்கள் ஜெயித்தார்கள். 2005-06-ல் ஓர் அணி மொத்தமாகச் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகை 3.9 கோடி டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2025-26-ல் அது 9.55 கோடி டாலராகியிருக்கிறது. பலன் கண்கூடு. 2006 முதல் 2025 வரை 20 கோப்பைகளை 13 அணிகள் பங்கு போட்டுக்கொண்டன.

ஆனால் உச்சவரம்பு இன்னொரு காரியத்தையும் செய்தது. டிராஃப்ட்டின் மதிப்பை ஏற்றிவிட்டது. புதிதாக வரும் இளம் வீரரின் அடிப்படைச் சம்பளம் முதல் சில ஆண்டுகளுக்கு 10 லட்சம் டாலருக்குள் அடங்கிவிடும். அதே வீரர் நட்சத்திரமானால் விலை எங்கோ போய்விடும். மெக்டேவிட்டே 2018-ல் தொடங்கிய எட்டு வருட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 1.25 கோடி டாலர் வாங்கினார். செலவுக்கு எல்லை இருக்கும்போது, சல்லிசான விலையில் கிடைக்கும் நட்சத்திரம் லாட்டரிச் சீட்டு மாதிரி. அந்தச் சீட்டு கடைசி இடத்தில்தான் கிடைக்கும் என்றால், கடைசி இடத்துக்குப் போட்டி வராதா?

வந்தது. உச்சவரம்புக்கு இருபது வருடம் முன்பே வந்தது. 1983-84 சீசனில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணிக்குக் காசுமில்லை, ரசிகர்களுமில்லை. அந்த ஆண்டு டிராஃப்ட்டுக்கு வரவிருந்தவர் மாரியோ லெமியூ. கடைசி இடத்துக்குப் பிட்ஸ்பர்க்கும் நியூஜெர்சியும் முண்டியடித்தன. 1981-ல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய ராண்டி கார்லைலைப் பிட்ஸ்பர்க் சீசன் நடுவில் விற்றது. ஒழுங்காகக் கோல் காத்துக்கொண்டிருந்த ரொபெர்ட்டோ ரொமானோவைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வேறொருவரை வரவழைத்தது. முடிவில் பிட்ஸ்பர்க்குக்கு 38 புள்ளி, நியூஜெர்சிக்கு 41. லெமியூ பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். 1991, 1992 இரண்டு ஆண்டும் கோப்பையும் வந்தது. பாவத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1992-93-ல் ஒட்டாவா செனட்டர்ஸ் 84 ஆட்டங்களில் 10-ல் மட்டுமே ஜெயித்தது. பரிசு, அலெக்சாண்டர் டெய்க். தோற்பதற்குத் திட்டம் இருந்தது என்ற ரீதியில் அணி உரிமையாளர் உளறிவைக்க, லீக் விசாரித்தது. வேண்டுமென்றே தோற்றதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பேசிய பேச்சுக்கு 1 லட்சம் டாலர் அபராதம். இதில் வேடிக்கை, டெய்க் சோபிக்கவில்லை. அவருக்கு அடுத்து இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிரிஸ் ப்ராங்கர்தான் 2000-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 1995 முதல் முதல் இடத்தைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்க ஆரம்பித்தார்கள்.

வெட்கம் தெரியாத மெஷின்

சிமுலேஷன் லீக்குகள் இந்த விதிகளையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டன. டிராஃப்ட், உச்சவரம்பு, குலுக்கல், வீரர் பரிமாற்றம் எல்லாம் உண்டு. விதிகளோடு வியாதியும் சேர்ந்து வந்தது. இங்கே அதன் வீரியம் இன்னும் அதிகம்.

நிஜ லீக்கில் தோற்க நினைக்கும் நிர்வாகத்துக்குக் குறுக்கே பல பேர் நிற்கிறார்கள். பயிற்சியாளருக்கு வேலை போய்விடும் என்ற பயம். வீரருக்கு அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிய கவலை. எந்த வீரனும், தன் இடத்தைப் பிடிக்கப்போகும் ஒரு பையனுக்காகப் பனியில் விழுந்து எலும்பை உடைத்துக்கொள்ள மாட்டான். டிக்கெட் விற்காவிட்டால் உரிமையாளருக்குக் கையைக் கடிக்கும். உள்ளூர்ப் பத்திரிகை கிழித்துத் தொங்கவிடும்.

கம்ப்யூட்டர் வீரனுக்கு மானம் ரோஷம் கிடையாது. முதல்தரக் கோல்கீப்பரைப் பெஞ்சில் உட்கார வைத்தால் அவன் கேள்வி கேட்க மாட்டான். நட்சத்திரத்தைக் கடைசி வரிசையில் இறக்கினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டான். டிக்கெட்டும் இல்லை, பத்திரிகையும் இல்லை. நான்கு தட்டல்களில் ஓர் அணியை நாசமாக்கிவிடலாம்.

பலசாலிகள் மேலும் பலசாலிகளாவதும் இங்கே சுலபம். பல லீக்குகளில் வீரர்களின் மதிப்பெண்கள் எல்லோர் கண்ணிலும் படும். எந்த எண்ணுக்கு மெஷின் அதிக மரியாதை தருகிறது என்று கண்டுபிடித்துவிட்ட பழம்பெருச்சாளி, நேற்றுச் சேர்ந்த புது மேனேஜரிடம் இனிக்க இனிக்கப் பேசி, அவரிடமிருக்கும் நல்ல வீரரைப் பாதி விலைக்குக் கறந்துவிடுவார். உச்சவரம்பு பணக்காரனைத்தான் கட்டுப்படுத்தும். கெட்டிக்காரனை என்ன செய்யும்?

ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் இருக்கிறது என்பதுதான் ஒரே ஆறுதல். ஐஸ் ஹாக்கியில் இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் அடிப்பது சராசரியாக ஆறு கோல். கூடைப்பந்தில் நூறு புள்ளிக்கு மேல் போகும்போது திறமை வென்றுவிடும். ஆறு கோல் ஆட்டத்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்தயத் தட்டு முடிவை மாற்றிவிடும். சாஃப்ட்வேரின் பகடையிலும் அதற்கு இடம் உண்டு. கடைசி அணி என்றாவது ஒரு நாள் முதல் அணியைக் கவிழ்க்கும். ஆனால் 82 ஆட்டங்கள் முடியும்போது அதிர்ஷ்டம் தேய்ந்து, பட்டியல் உண்மையைச் சொல்லிவிடும்.

காலி நாற்காலி

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு லீக்கில் 24 அணிகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மேனேஜர்களும் சம கெட்டிக்காரர்கள், எல்லா அணிகளும் சம பலம். அப்போதும் ஒருவருக்குக் கோப்பை கிடைப்பது சராசரியாக 24 சீசனுக்கு ஒரு முறை. ஒரு சீசனை ஓட்டி முடிக்க நான்கு மாதம் என்றால் எட்டு வருடம். பரிபூரண சமத்துவம் நிலவும் லீக்கிலேயே இதுதான் நிலைமை. நான்கு அணிகள் மாறி மாறிக் கோப்பையை எடுத்துக்கொண்டால் மற்ற 20 பேருக்கு எதற்காக ராத்திரி கண் விழிக்க வேண்டும் என்று தோன்றும்.

தோன்றிய ஒருவர் விலகுகிறார். இங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

நிஜ லீக்கில் அணி நொடித்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கும். அன்று பஃபலோவில் ஜெயித்த அரிசோனா அணியின் கதையே சாட்சி. வருடக்கணக்கில் அரங்கம் கிடைக்காமல் தவித்துவிட்டு, 2024-ல் அதன் வீரர்கள் மொத்தமாக யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போனார்கள். புது உரிமையாளர், புது ஊர். சம்பளம் நிற்கவில்லை.

சிமுலேஷன் லீக்குக்கு சால்ட் லேக் சிட்டி கிடையாது. யாருக்கும் சம்பளமில்லை, ஒப்பந்தமில்லை. மேனேஜரை நாற்காலியில் கட்டிவைத்திருப்பது ஆர்வம் ஒன்றுதான். விலகுபவர் பெரும்பாலும் சும்மா விலகுவதில்லை. 'இந்த வருஷமே கோப்பை' என்ற கடைசி ஆசையில், வரப்போகும் மூன்று ஆண்டுகளின் டிராஃப்ட் முறைகளையும் கொடுத்துவிட்டு 33 வயது நட்சத்திரங்களை வாங்கிப் பார்க்கிறார். அதுவும் பலிக்காதபோது காணாமல் போகிறார். அடுத்து வருபவருக்குக் கிடைப்பது வயதான வீரர்கள், நீண்ட ஒப்பந்தங்கள், காலியான கஜானா. அந்த வாரிசு எத்தனை நாள் தாங்குவார்?

அணியைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம். ஆனால் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது புது மேனேஜரை ஏமாற்றுவதைவிடச் சுலபம். சுற்றியுள்ளவர்கள் அந்த அணியைச் சுரண்டிச் சக்கையாக்கிவிடுவார்கள். இரண்டு நாற்காலி காலியானால் பரிமாற்றச் சந்தை படுத்துவிடும். நான்கு காலியானால் மேலே இருப்பவர்களுக்கும் சலிப்புத் தட்டும். ஆளில்லாத அணியை ஜெயிப்பதில் என்ன சுகம்? ஒரு லீக்கை மூடவைப்பது பெரும்பாலும் கடைசி இடத்தில் இருப்பவரின் விரக்திதான். சாம்பியனுக்கு அது புரியும்போது காலம் கடந்திருக்கும்.

மருந்தும் பக்க விளைவும்

அதனால்தான் இந்த லீக்குகளின் விதிப்புத்தகங்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. உடற்தகுதியுள்ள முதல் கோல்கீப்பரை இத்தனை ஆட்டங்களாவது இறக்கியே ஆகவேண்டும். அணி வரிசையை நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் சோதிப்பார். பரிமாற்றங்களைச் சிலர் கொண்ட குழு பார்த்து ஒப்புதல் தரும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில வாரங்களுக்கு முதல் சுற்று டிராஃப்ட் முறையை விற்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட எதிர்காலத்தை யாருமே அடகு வைக்கக் கூடாது. லீக்குக்கு லீக் விவரம் மாறும். நோக்கம் ஒன்றே.

குழு முறைக்குப் பக்க விளைவு உண்டு. குழுவில் இருப்பவர்களும் மேனேஜர்கள்தானே! எதிரி பலம்பெறும் பரிமாற்றம் அவர்கள் கண்ணுக்கு எப்போதுமே அநியாயமாகத்தான் தெரியும்.

குலுக்கலும் முழு மருந்தல்ல. என்.ஹெச்.எல். அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. 2022 முதல் குலுக்கலில் ஜெயிக்கும் அணி அதிகபட்சம் 10 இடம்தான் முன்னேற முடியும். எந்த அணியும் ஐந்து ஆண்டில் இரண்டு தடவைக்கு மேல் குலுக்கல் மூலம் முன்னேறக் கூடாது. கடைசி அணிக்கு முதல் ஆள் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம். நாலில் ஒரு வாய்ப்புக்காக ஒரு சீசனைத் தொலைப்பது புத்திசாலித்தனமா என்று யோசிக்க வைப்பதுதான் உத்தி. ஆனாலும் கடைசி இடத்தின் கவர்ச்சி முற்றாகப் போகவில்லை.

புத்திசாலித்தனமான மாற்று ஒன்று, ஆடம் கோல்டு என்பவர் 2012-ல் முன்வைத்தது. பிளே-ஆஃப் வாய்ப்பு பறிபோன நாளிலிருந்து ஓர் அணி எத்தனை புள்ளி சேர்க்கிறது என்று பாருங்கள். அதிகம் சேர்த்த அணிக்கு முதல் முறையைக் கொடுங்கள் என்றார் அவர். பலவீனமான அணி சீக்கிரமே வெளியேறிவிடும் என்பதால் புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டங்கள் கிடைக்கும். சலுகை நோஞ்சானுக்கே போகிறது. ஆனால் அதை ஜெயித்துத்தான் வாங்க வேண்டும். 2024-ல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை ஹாக்கி லீக்கான பி.டபிள்யூ.ஹெச்.எல். முதல் சீசனிலேயே இந்த முறையைக் கையிலெடுத்தது. நியூயார்க் அணி கடைசி இடத்தில் முடித்தும், வெளியேறிய பிறகு ஜெயித்த ஆட்டங்களால் முதல் முறையைப் பெற்று சாரா ஃபில்லியரை எடுத்தது. சிமுலேஷன் லீக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். சீசனின் கடைசி மாதத்திலும் கடைசி மேனேஜர் ஆர்வத்தோடு முடிவைப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

இந்திய ரசிகருக்குப் பழக்கமான வழி வேறு. இங்கே ஏலம். ஏழு வருட இடைவெளிக்குப் பின் 2024-25-ல் மீண்டும் வந்த ஹாக்கி இந்தியா லீக்கில், தமிழ்நாடு டிராகன்ஸ் உள்ளிட்ட எட்டு ஆண்கள் அணிகளுக்கும் தலா 4 கோடி ரூபாய். இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குக்கு சூர்மா அணி 78 லட்சம் கொடுத்தது. ஒரே ஆளுக்குப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்தில்தான் மற்றவர்கள். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மெகா ஏலம் நடத்தி, பெரும்பாலான வீரர்களைத் திரும்பச் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 2025 சீசனுக்கான ஏலத்தில் எல்லோருக்கும் ஒரே 120 கோடி. கடைசி இடத்துக்குத் தனிச் சலுகை இல்லை, அதனால் தோற்பதில் லாபமும் இல்லை. ஆனால் ஒரு இளைஞனைக் கண்டெடுத்து ஐந்து வருடம் வளர்த்துக் கோப்பை வாங்கும் சுகமும் குறைவு. சிமுலேஷன் மேனேஜர்கள் கண் விழிப்பதே அந்தச் சுகத்துக்காகத்தான். அதனால் அவர்கள் டிராஃப்ட்டை விடுவதாக இல்லை.

கட்டி எழுப்பும் கலை

அப்படியானால் கடைசி இடத்தில் சிக்கிக்கொண்டவர் என்ன செய்வது? நிஜ லீக்கிலேயே நாலு பாடங்கள் இருக்கின்றன.

முதல் ஆளை வாரி எடுத்துக்கொண்டே போவது ஒரு வழி. எட்மன்டன் 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் முதல் முறையைப் பெற்றது. பலன்? 2007 முதல் 2016 வரை பத்து சீசன் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. முன்னணி ஆட்டக்காரர்களாகச் சேர்த்ததில், தடுக்க ஆளில்லாமல் போனது.

முதல் முறையே இல்லாமல் ஜெயிப்பது இன்னொரு வழி. 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 முறை பிளே-ஆஃப் போன அணி டெட்ராய்ட். அதன் தூண்கள், 53-வதாக எடுத்த லிட்ஸ்ட்ராம், 171-வதாக எடுத்த டாட்சுக், 210-வதாக எடுத்த ஜெட்டர்பெர்க். மற்றவர்கள் அதிகம் போகாத ஐரோப்பிய ஊர்களில் தேடிப் பிடித்த ஆட்கள். சிமுலேஷனில் இது எல்லா லீக்கிலும் பலிக்காது. எதிர்காலத் திறமையின் எண் எல்லோருக்கும் தெரிந்தால் 210-வது இடத்தில் புதையல் இருக்காது. அதனால்தான் சில சாஃப்ட்வேர்கள் அந்த எண்ணை மறைத்துவிட்டு, தேர்வாளர்களின் ஊகத்தை மட்டும் காட்டுகின்றன. மறைப்பதும் ஒருவகையில் சமநிலைதான். கீழே இருப்பவருக்கும் ஊகம் பலிக்கலாம்.

மூன்றாவது பாடம் கொலராடோ. 2016-17-ல் 48 புள்ளியுடன் கடைசி இடம். குலுக்கலும் காலை வாரியது. நாலாவது முறைதான் கிடைத்தது. அதில் எடுத்தவர் கேல் மக்கார். அதே ஆண்டு நவம்பரில், வெளியேற விரும்பிய நட்சத்திரம் மாட் டுஷேனை அவசரப்படாமல் பேரம் பேசி விற்றது. கிடைத்தவற்றில் ஒன்று ஒட்டாவாவின் முதல் சுற்று முறை. 2018-19-ல் ஒட்டாவா கடைசி இடத்தில் முடிந்தது. தோற்றது ஒட்டாவா, பரிசு கொலராடோவுக்கு! அந்த முறையில் வந்தவர் போவன் பைரம். மக்காரும் பைரமும் ஆடிய கொலராடோ 2022-ல் கோப்பையை வென்றது. எதிர்காலத்தை விற்பவரும் வாங்குபவரும் எந்த இடத்தில் போய் முடிவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நான்காவது வேகாஸ். 2017-ல் 50 கோடி டாலர் கட்டி லீக்கில் சேர்ந்த புது அணி. மற்ற 30 அணிகளும் குறிப்பிட்ட எண்ணிக்கை வீரர்களை மட்டுமே பத்திரப்படுத்த முடியும். மிச்சத்தில் அணிக்கு ஒருவரை வேகாஸ் எடுத்துக்கொள்ளலாம். முந்தைய புது அணிகளுக்குக் கிடைத்ததைவிடத் தாராளமான விதி. முதல் சீசனிலேயே இறுதிப் போட்டி, 2023-ல் கோப்பை. புதிதாக வருபவருக்குச் சக்கையைக் கொடுக்காமல் சாரத்தில் பங்கு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி. காலி நாற்காலிக்கு ஆள் தேடும் சிமுலேஷன் நிர்வாகிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம்.

பஃபலோவில் அன்று கை தட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று? சேபர்ஸ் திட்டப்படி கடைசி இடத்தில் முடிந்தது. 2015 ஏப்ரலில் குலுக்கல். பஃபலோவுக்கு 20 சதவீத வாய்ப்பு. ஜெயித்தது 11.5 சதவீதமே இருந்த எட்மன்டன். மெக்டேவிட் அங்கே போனார். 2024-லும் 2025-லும் எட்மன்டனை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். இரண்டு முறையும் ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள். பஃபலோவுக்குக் கிடைத்த இரண்டாவது ஆள் ஜேக் ஐக்கல். கழுத்து அறுவை சிகிச்சை பற்றிய தகராறில் அணியுடன் முறிந்து, 2021-ல் வேகாஸுக்குப் போய், 2023-ல் அங்கே கோப்பையைத் தூக்கினார். பஃபலோ 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பிளே-ஆஃப் பார்க்கவில்லை. லீக் வரலாற்றில் அது சாதனை.

அத்தனை ஆண்டுகளும் பஃபலோ ரசிகர்கள் அரங்குக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அது அவர்கள் ஊர். வேறு எங்கே போவார்கள்? சிமுலேஷன் லீக்கின் கடைசி மேனேஜருக்கு ஊர் கிடையாது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். சீசன் முடிந்ததும் விவரமான நிர்வாகி முதலில் தேடிப் போக வேண்டியது சாம்பியனை அல்ல. கடைசி இடத்தில் முடித்தவரைப் பிடித்து, அடுத்த சீசனும் இருப்பீர்கள் அல்லவா என்று கேட்க வேண்டும்.